சாணியில் ஓடும் எறும்பு ஈக்கள்: வளர்த்தது, படம் பிடித்தது, சிலந்தி முன் விட்டது

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு மழை பெய்து மறுநாள் வெயில் அடித்தால் எந்தக் கட்டுத்தரையிலும் இதைப் பார்க்கலாம். மாடு போட்ட ஈரச் சாணியின் மேல் கறுப்பாக, பளபளப்பாக, குட்டிக் குட்டியாக ஒரு கூட்டம் ஓடிக்கொண்டிருக்கும். உருண்டைத் தலை, ஒடுங்கிய இடுப்பு, நிற்காத ஓட்டம். எறும்பு மொய்க்கிறது என்று நினைத்துத்தான் எல்லாரும் தாண்டிப் போவார்கள். விரலைக் கிட்டக் கொண்டுபோனால் மொத்தமும் எழும்பிப் பறக்கும். அத்தனையும் ஈக்கள். செப்சிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகம் முழுக்க இந்தக் குடும்பத்தில் 300-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை அரிசி அளவைத் தாண்டாது.

எறும்பு போல இருக்கிற ஈ என்று சொல்லிவிடுவது எளிது. யார் கண்ணுக்கு எறும்பு என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நம் கண்ணை ஏமாற்றி அந்த ஈக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அதைத் தின்ன வருகிற உயிரின் கண்ணுக்கு அது எறும்பாகத் தெரிந்தால்தான் வேடம் பலித்தது என்று பொருள். அதை வீட்டிலேயே, கையில் இருக்கிற சாமான்களை வைத்துப் பார்க்க முடியுமா என்று இறங்கியதுதான் இந்த வேலை.

எறும்பின் வேடத்துக்கு ஏன் இத்தனை கிராக்கி என்பதையும் சொல்லிவிடுகிறேன். எறும்பு கடிக்கும், சில வகை கொட்டும், முசுறு மாதிரியானவை கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தையும் பீச்சும். ஒன்றைச் சீண்டினால் கூட்டமே வரும். அதனால் பூச்சி தின்னும் பல உயிர்கள் எறும்பை விட்டு ஒதுங்கிப் போகின்றன. 1848-இல் அமேசான் காட்டுக்குப் போய்ப் பதினோரு ஆண்டுகள் தங்கிய ஹென்றி வால்டர் பேட்ஸ், தின்ன ருசிக்காத பட்டாம்பூச்சியின் தோற்றத்தை ருசியான வேறொரு பட்டாம்பூச்சி எடுத்துக்கொண்டு தப்பிப் பிழைப்பதைப் பற்றி 1862-இல் எழுதினார். அந்த மாதிரி வேடத்துக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். எறும்பு வேடம் போடும் சிலந்திகளும் பூச்சிகளும் ஏராளம். ஈக்களில் மட்டும் வேடம் கொஞ்சம் கடினம், ஏனென்றால் மறைக்க முடியாத ஒரு ஜோடி இறக்கை முதுகில் இருக்கிறது.

முதலில் வளர்ப்பு. சாணியில் ஓடுவதைப் பிடித்துப் பெட்டியில் போட்டால் போதாதா என்று கேட்கலாம். அப்படிப் பிடிப்பதில் வயது தெரியாது, பாதி காயம்பட்டிருக்கும், வேறு ஈக்களும் கலந்திருக்கும். பாட்டிலில் வளர்த்தால் ஒரே வயது ஈக்கள் ஒரே நேரத்தில் கிடைக்கும்.

அகன்ற வாய் உள்ள பழைய ஊறுகாய் ஜாடிகள் எடுத்துக்கொண்டேன். அடியில் மூன்று விரல் உயரத்துக்குத் தென்னை நார்த்தூள். எங்கள் பக்கம் இதற்குப் பஞ்சமில்லை, கயிற்று ஆலை வாசலில் மலையாகக் கிடக்கும். அதை நன்றாக அலசி, பிழிந்தால் சொட்டாத அளவு ஈரத்தில் போட வேண்டும். புழு வளர்ந்து கூட்டுப்புழு ஆகும் நேரத்தில் ஈரம் குறைந்த இடம் தேடி ஓரத்துக்கு நகரும், அதற்குத்தான் இந்தப் படுக்கை. அதன் மேல் ஒரு கைப்பிடிச் சாணி.

சாணியில் ஒரு சங்கதி இருக்கிறது. மாட்டுக்குக் குடற்புழு மருந்தான ஐவர்மெக்டின் ஊசி போட்டிருந்தால் அந்த மருந்து சாணியிலும் வெளியேறும். அதில் முட்டையிலிருந்து வரும் ஈப் புழுக்கள் செத்துவிடும். இந்தப் பாதிப்பு வாரக்கணக்கில் நீடிக்கும். அதனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.

"ஏனுங்க தம்பி, ஊர்ல எல்லாரும் சாணிய அள்ளிக் குழியில போடுறாங்க, நீங்க ஜாடியில போடுறீங்க?" என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரே கட்டுத்தரைக்குக் கூட்டிப்போய், "இந்தச் செவலைக்குப் போன மாசம் பூச்சிக்கு ஊசி போட்டாச்சு, இத விட்ருங்க. அந்த மயிலையோடத எடுங்க, அதுக்கு ஒண்ணும் போடல" என்று காட்டிக்கொடுத்தார். மாடு வளர்க்கிறவர்களிடம் கேட்காமல் இந்த வேலையில் இறங்க முடியாது.

ஜாடியை மூடாமல் கட்டுத்தரை நிழலில் ஒரு பகல் வைத்தால் போதும். செப்சிட் ஈக்கள் தேடி வந்துவிடும். பெண் ஈ முட்டை வைக்கும்போது முட்டை சாணிக்குள் போய்விடும். முட்டையோடு ஒட்டிய நீண்ட இழை ஒன்று மட்டும் மேல்மட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். முட்டை மூச்சுவிடுவது அது வழியாகத்தான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் சாணியின் மேல் வெள்ளை மயிர் முளைத்த மாதிரி தெரியும். அது தெரிந்ததும் ஜாடி வாயில் மல் துணி போட்டு ரப்பர் பேண்ட் மாட்டிவிடலாம்.

கிழக்குப் பாலக்காட்டில் காற்றுதான் பெரிய எதிரி. மலை இடைவெளி வழியாக வரும் காற்று மார்கழி, தை மாதங்களில் சாணியை அரை நாளில் காய்ந்த வறட்டியாக்கிவிடும். மேலே ஓடு கட்டிவிட்டால் புழு வளராது. ஆகவே ஜாடிகளைக் குளியலறை ஓரத்தில் வைத்து, துணியின் மேல் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். ஐப்பசி மழைக் காலத்தில் இந்தப் பாடு எதுவும் தேவையில்லை. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் ஈக்கள் வரத் தொடங்கும். பிறந்தவுடன் வெளிறி, இறக்கை சுருண்டு, பார்க்கச் சப்பென்று இருக்கும். சில மணி நேரத்தில் உடல் கறுத்துப் பளபளப்பு ஏறிவிடும். சாப்பாட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு, கூடவே கொஞ்சம் புதுச் சாணி. அவ்வளவுதான்.

படம் பிடிப்பது இதைவிடச் சுலபம். போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் ஒன்று, ஒரு எல்இடி டார்ச், டார்ச்சின் முன்னால் வெளிச்சத்தைப் பரப்ப பட்டர் பேப்பர். ஈ பளபளப்பானது, நேர் வெளிச்சம் பட்டால் முதுகில் வெள்ளைப் பொட்டுதான் தெரியும். பேப்பரை டார்ச்சிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் சரியாகிவிடும். ஈயைச் சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் சில நிமிடம் வைத்தால் மந்தமாகும், அந்த இடைவெளியில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

பெரிதாக்கிப் பார்த்த மாத்திரத்தில் எறும்பு காணாமல் போய்விடுகிறது. முகத்தின் பாதியை அடைக்கும் சிவந்த கூட்டுக்கண். எறும்புக்கு முழங்கை போல மடங்கிய நீளமான உணர்கொம்பு இருக்கும். இதற்குக் கண்களுக்கு நடுவே இரண்டு குட்டைக் குமிழும் அவற்றில் ஒவ்வொரு மயிரும்தான். முதுகில் இரண்டு இறக்கை. அவற்றுக்குப் பின்னால், மற்ற பூச்சிகளுக்கு இரண்டாம் ஜோடி இறக்கை இருக்கும் இடத்தில், பறக்கும்போது நிலை தடுமாறாமல் காக்கும் இரண்டு சின்னக் குமிழ்கள். ஆண் ஈயின் முன்தொடையில் முள்ளும் பள்ளமும் உண்டு. சேரும்போது பெண்ணின் இறக்கை அடியைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி அது. எல்லாம் பச்சையாக ஈதான். இந்தப் படத்தைக் காட்டி எறும்பு என்றால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் அதே ஈயை, அதே போனில், லென்ஸைக் கழற்றிவிட்டு ஒரு முழம் தள்ளி வீடியோ எடுத்தால் எறும்பு திரும்ப வந்துவிடுகிறது. அப்போதுதான் இந்த வேலையின் திசை எனக்குத் தெளிவானது. வேடம் உடம்பில் பாதிதான் இருக்கிறது, மீதி நடையில் இருக்கிறது. ஓட்டம் நேர்க்கோட்டில் இல்லை, ஒரு பக்கம் வளைந்து, நின்று, மறுபக்கம் வளைந்து போகிறது. அதோடு இறக்கையை முதுகில் மடித்து வைப்பதே இல்லை. இரண்டையும் பக்கவாட்டில் விரித்து ஆட்டிக்கொண்டே நடக்கிறது. பல இனங்களில் இறக்கையின் நுனியில் ஒரு கறுப்புப் பொட்டு உண்டு. இறக்கையோ கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுவது, தூரத்தில் தெரியாது. பொட்டு மட்டும் தெரியும். ஒரு முழத் தூரத்தில் பார்த்தால், உடம்புக்கு இரு பக்கமும் இரண்டு கறுப்புப் புள்ளிகள் துழாவிக்கொண்டே வருகின்றன. இறக்கையாட்டலுக்குத் துணை தேடுவதில் ஒரு பங்கு இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. பக்கத்தில் ஜோடியே இல்லாத ஜாடியிலும் அது ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அக்கா மகள் கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறாள். ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 படமாக எடுத்ததை அவள்தான் முழுசாக உட்கார்ந்து பார்த்தாள். "மாமா, நிக்கும்போது றெக்க ரெண்டும் தனித்தனியா ஆடுது. ஓடும்போது ஒண்ணா ஆடுது" என்று குறித்துக் கொடுத்தாள். திரும்பப் பார்த்தால் பல துண்டுகளில் அப்படித்தான் இருக்கிறது. நான் கழுத்தையும் இடுப்பையும் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் இறக்கையைப் பார்த்திருக்கிறாள்.

இனி சிலந்தி. வீட்டுச் சுவரில் வலை கட்டாமல் ஈ பிடித்துத் திரியும் தாவும் சிலந்திதான் என் நடுவர். பிளெக்சிப்பஸ் பேக்குல்லி என்பது அதன் அறிவியல் பெயர். ஆண் கறுப்பு வெள்ளைப் பட்டையோடும் பெண் பழுப்பாகவும் இருக்கும், ட்யூப்லைட்டைச் சுற்றி இரண்டு மூன்று எப்போதும் நிற்கும். இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் கண். எட்டுக் கண்ணில் பக்கக் கண்கள் அசைவைக் கண்டுபிடிக்கும். அசைவு தெரிந்ததும் சிலந்தி உடம்பைத் திருப்பி, முன்னால் இருக்கும் இரண்டு பெரிய கண்களால் உருவத்தைக் கூர்ந்து பார்க்கும். அந்தக் கண்கள் பார்க்கும் பரப்பு குறுகலானது, உள்ளே விழித்திரையை நகர்த்தி நகர்த்திப் பொருளைத் துழாவும். அசைவு முதலில், உருவம் பிறகு. எறும்பு ஈயின் வேடம் கடக்க வேண்டிய இரண்டு வாசலும் இந்த ஒரு பிராணியிடம் இருக்கின்றன.

இனிப்புக் கடை பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் வெள்ளைக் காகிதம் ஒட்டினேன். முகப் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்து உள்சுவரின் மேல்பகுதியில் பூசிக் காயவிட்டால் எறும்பு ஏறி வெளியே போகாது. மூடியில் ஒரு ஓட்டை போட்டு ஸ்ட்ரா வழியாகப் பூச்சியை உள்ளே விடுவேன். சிலந்தியைச் சில நாள் தண்ணீர் மட்டும் கொடுத்து வைத்திருந்து, பசியோடு பெட்டிக்குள் விட்டு, அது சுற்றிப் பார்த்துப் பழகிய பிறகு ஆரம்பிப்பேன். முன்னால் வருபவர்கள் மூன்று பேர்: வாழைப்பழத் தோலில் வளர்த்த பழ ஈ, சமையலறையில் திரியும் கறுப்புப் பிள்ளையார் எறும்பு, நம் செப்சிட்.

பழ ஈயிடம் சிலந்திக்குத் தயக்கமே இல்லை. திரும்பும், பதுங்கும், பின்பக்கத்திலிருந்து நூலை ஒட்டிவிட்டுத் தாவும், முடிந்தது. எறும்பிடம் அதற்கு நேர்மாறு. திரும்பிப் பார்க்கும், எறும்பு தன்னை நோக்கி வந்தால் முன்கால்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகும், அப்புறம் சுவரேறிவிடும்.

செப்சிட் இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. ஒரு பெண் சிலந்தியின் முன் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஈ உள்ளே வந்து காகிதத்தில் வளைந்து வளைந்து ஓடியது, இறக்கை ஆடிக்கொண்டே இருந்தது. சிலந்தி நான்கு விரல் தூரத்தில் திரும்பியது. வாய்க்கு அருகில் உள்ள இரண்டு குட்டை உறுப்புகளும் படபடவென்று ஆடின. ஒரு அடி முன்னால் வைத்தது, நின்றது. ஈ அதை நோக்கி வளைந்ததும் முன்கால்களைத் தூக்கியது, எறும்புக்குத் தூக்கிய அதே மாதிரி. பின்னால் போனது. மறுபடி திரும்பிப் பார்த்தது. இப்படியே கொஞ்ச நேரம் போனது. பிறகு ஈ நின்றது. நின்று பின்கால்களால் இறக்கையைத் துடைக்கத் தொடங்கியது. எல்லா ஈயும் செய்கிற அதே துடைப்பு. சிலந்தி பதுங்கிய வேகத்தைப் பார்த்தபோது அதற்கு விஷயம் புரிந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. ஒரே தாவலில் பிடித்துவிட்டது.

இதே வரிசை மற்றச் சிலந்திகளிடமும் வந்தது, எல்லாவற்றிடமும் இல்லை. நடக்கும் செப்சிட்டைத் தயங்காமல் பிடித்தவையும் உண்டு. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் இறக்கை ஆட்டி நடக்கும்வரை அதற்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. வேடம் என்றால் முழுப் பாதுகாப்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தாவலுக்கு முன் சிலந்தி சில நொடி யோசித்தாலே ஈ பறந்து போய்விடுமே, அதுவே அதற்குப் போதும். பெட்டிக்கு மூடி இருந்ததால் இங்கே பறந்து தப்ப வழியில்லை. சாணி மேட்டில் மூடி கிடையாது.

வேடத்துக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எறும்பையே உணவாகக் கொள்ளும் தாவும் சிலந்திகள் இருக்கின்றன. அவற்றின் முன்னால் எறும்பாகத் தெரிவது ஆபத்து. எங்கள் தோப்பில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன், மினுமினுக்கும் நிறத்தில், எறும்புச் சாரியின் ஓரத்திலேயே நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துப் பெட்டியில் விட மனம் வரவில்லை.

நடையும் ஆட்டமும்தான் வேடத்தின் உயிர் என்பதற்கு முதலமடைப் பக்க மாந்தோப்புகளில் இன்னொரு சாட்சி இருக்கிறது. முசுறுக் கூடு உள்ள மரங்களில் முசுறைப் போலவே செம்பழுப்பில் ஒரு தாவும் சிலந்தி திரியும். சிலந்திக்கு உணர்கொம்பு கிடையாது, அது முன்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பாகக் காட்டும். இதன் உறவுக்காரச் சிலந்தி ஒன்றை வேகக் கேமராவில் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். அது எட்டுக் காலிலும்தான் நடக்கிறது, இடையிடையே நொடியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் நின்று முன்காலைத் தூக்கிக் காட்டுகிறது. அந்த நிறுத்தம் நம் கண்ணில் பதிவதில்லை, ஆறு காலில் நடக்கிற மாதிரியே தெரிகிறது. நடை வழியும் எறும்பைப் போல வளைந்து வளைந்துதான் போகிறது.

இஞ்சி போட்டிருப்பவர்களுக்கு இன்னொரு ஈ அறிமுகமாகியிருக்கும். நீளக் கால்களோடு இலை மேல் நின்று, நுனி வெளுத்த முன்கால்களை முகத்துக்கு முன்னால் ஆட்டிக்கொண்டே இருக்கும். மிமெக்ராலா செருலிஃப்ரான்ஸ் என்று பெயர். இதன் புழு இஞ்சிக் கிழங்கில் இருக்கும். அழுகத் தொடங்கிய கிழங்கைத் தேடித்தான் அது வருகிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. ஆகவே ஈயைக் கண்டதும் மருந்தைத் தூக்காமல் முதலில் பாத்தியில் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். இந்த ஈ காலை உணர்கொம்பாக்குகிறது. என் பார்வைக்கு எறும்பைவிடக் குளவிச் சாயல்தான் அதிகம்.

சிலந்திப் பெட்டியில் ஒரு ஐயம் பாக்கி நின்றது. செப்சிட்களுக்கு வாசனை உண்டு. கூட்டமாகச் சேரும் சில இனங்களில் நம் மூக்குக்கே தெரியும். சிலந்தி தயங்கியது உருவத்துக்கா, வாசனைக்கா? இதைப் பிரிக்க ஈயைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, இரு முனையும் மூடி, சிலந்தி முன்னால் வைத்தேன். குழாய் வளைவு உருவத்தை நீட்டிக் காட்டுகிறது, ஈயும் மேலே ஏறி நின்றுவிடுகிறது. ஆகவே இப்போது வீடியோவுக்கு மாறியிருக்கிறேன். தாவும் சிலந்திகள் திரையில் ஓடும் பூச்சியை இரையாகவே எடுத்துக்கொள்ளும், ஆய்வுக்கூடங்களிலும் இந்த முறை உண்டு. பழைய போனைப் பெட்டிச் சுவரில் செங்குத்தாகச் சாய்த்து, வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, ஈயின் அளவு திரையில் நிஜ அளவுக்கே வரும்படி சுருக்கி ஓட்டினேன். பழ ஈ ஓடியதும் சிலந்தி பதுங்கி வந்து திரை மேலேயே தாவியது. வாசனை இல்லாத செப்சிட் ஓடியபோது, முன்பு பெட்டியில் தூக்கியது போலவே முன்காலைத் தூக்கியது.

அடுத்தது இறக்கை இல்லாத செப்சிட். உயிருள்ள ஈயின் இறக்கையை வெட்ட எனக்கு விருப்பமில்லை, வீடியோவில் வெட்டலாமே. நொடிக்கு 30 படம் என்ற கணக்கில் இரண்டு நொடித் துண்டுக்கு 60 படம். அக்கா மகள் ஒவ்வொரு படத்திலும் இறக்கையையும் நுனிப் பொட்டையும் அழித்து வெள்ளையாக்கிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு பிரதியில் இறக்கையை விட்டுவிட்டுப் பொட்டை மட்டும் அழிக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டையும், அழிக்காத மூலத்தையும் ஒரே சிலந்திக்கு வரிசை மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் நடுவில் நிஜமான பழ ஈ ஒன்றைத் தின்னக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திரையில் வருவது வாய்க்கு எட்டாது என்று சிலந்தி பழகிக்கொண்டு திரும்பியே பார்க்காது.